பழைய ஜீன்ஸில் ஜாக்கெட்: 30 பீஸ் தைக்கும்போது அளவு, லேபிள், விலை

இண்டிகோநூல்:
வணக்கம். ஜெர்மனியில் இருக்கிறேன், டிசைனர். பழைய ஜீன்ஸை வெட்டி இணைத்து, லைனிங் வைத்த ஜாக்கெட்டாக ஆன்லைனில் விற்கப் போகிறேன். சாம்பிள் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரே பேட்டர்னில் தைத்த இரண்டு 'எம்' சைஸ் துவைத்தபின் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, ஒன்றில் முன்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. முதல் தொகுப்பு 30 பீஸ். துணியை எப்படிப் பிரித்து வைப்பது? பழைய பிராண்டின் பாக்கெட், பட்டனை அப்படியே விடலாமா? நார் விவர லேபிளில் என்ன போடுவது? 300 யூரோ விலை தாங்குமா?

பாவும்ஊடையும்:
முறுக்கலுக்குக் காரணம் பேட்டர்ன் இல்லங்க, துணி. டெனிம் சாய்வு நெசவு. பல வருஷம் துவைச்ச ஜீன்ஸ்ல கால் திருகி, பக்கத் தையல் முன்பக்கமா வந்திருக்கும். அந்தத் தையலை நேர்கோடுன்னு நம்பி பேட்டர்னை வெச்சா ஜாக்கெட்டும் திருகும். துணி ஓரத்துல நூலை உருவிப் பாருங்க: நீலமா வர்றது பாவு (துணியோட நீளவாட்டு நூல்), வெள்ளை ஊடை (குறுக்கு நூல்). நீல நூல் போற திசையில சாக்பீஸ் கோடு போட்டுட்டு, அதுக்கு இணையா பேட்டர்னை வைங்க.

அளவு மாறுறதுக்குச் சுருக்கம்தான் காரணம். எல்லாத்தையும் முதல்ல 60 டிகிரியில துவைச்சு டிரையர்ல காய வைங்க. அப்புறம் ஒவ்வொரு ஜீன்ஸ்லயும் 20 செ.மீ. சதுரம் வரைஞ்சு மறுபடி துவைச்சு அளங்க. ரெண்டு துணிக்கு நடுவுல 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா, அதாவது 3 சதவீதம், அவற்றைப் பக்கத்துல பக்கத்துல இணைக்காதீங்க. ஸ்ட்ரெச் ஜீன்ஸைத் தனிப் பெட்டியில போடுங்க. அதுல இருக்கிற எலாஸ்டேன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடுற நார், சூட்டுல செத்துப்போயிருக்கும். இழுத்து விட்டா பழைய நீளத்துக்கு வராது. அதைத் தடிமனான முழுப் பருத்தியோட தைச்சா தையல் ஓரம் அலை அலையா நிக்கும்.

முழங்கால், தொடை உள்பக்கம் ரெண்டையும் ஒதுக்கிடுங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா மெலிஞ்ச இடம் தெரியும். பின்கால்லதான் நல்ல துணி கிடைக்கும். ஒரு ஜாக்கெட்டுக்கு 5 ஜீன்ஸ்னு கணக்கு வெச்சுக்கோங்க, 4-ல முடிஞ்சா லாபம். இரட்டை மடிப்புத் தையலைப் பிரிச்சு நேரத்தை வீணாக்க வேண்டாம், அதை ஒட்டியே வெட்டித் தள்ளிடுங்க. பேட்டர்ன்ல எந்தத் துண்டும் 18 செ.மீ. அகலத்தைத் தாண்டாம இருந்தா எந்த ஜீன்ஸ்ல இருந்தும் எடுக்கலாம். 30 பீஸ் எடுக்கணும்னா இதுதான் அடிப்படை. கிடைச்ச துணிக்கேத்த மாதிரி டிசைன் பண்ணினா ஒவ்வொண்ணும் புது சாம்பிள்தான்.

துண்டுகளை இணைக்கிற தையலை விரிச்சு அயர்ன் பண்ணுங்க, மடிச்சுத் தைக்க வேண்டாம். ரெண்டு இணைப்பு ஒரே இடத்துல சந்திச்சா அடி மடிப்புல 8 அடுக்கு வரைக்கும் ஏறி, ஊசி தாவும். 1.5 செ.மீ. தள்ளி வைங்க. ஜீன்ஸ் ஊசி 100/16, தையல் நீளம் 3.5 மி.மீ.

சாயக்காரன்:
ஒன்று சேர்க்கிறேன். லைனிங் வெளிர் நிறம் என்றால், ஈரமான வெள்ளைத் துணியால் அடர்நீலத் துண்டை 10 முறை தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் அதை லைனிங்கோடு உரசும் இடத்தில் வைக்கக் கூடாது. வினிகர், உப்பு போட்டு ஊறவைப்பது வீண்வேலை. இண்டிகோ நாரோடு வினைபுரிவதில்லை, நூலின் மேல்பகுதியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. தளர்ந்த துகள் போகும்வரை துவைப்பது ஒன்றே வழி.

சட்டம்_சரக்கு:
பழைய பிராண்ட் விஷயத்தில் தயங்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள். லீவைஸின் சிவப்புத் துணி நாக்கு மட்டுமல்ல, பின் பாக்கெட்டின் வளைவுத் தையலும் பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். தையலைப் பிரித்தாலும் அந்த வளைவு அடர்நிறத் தடமாக நிற்கும். துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பயன்படுத்துங்கள். பட்டன், ரிவெட்டிலும் பெயர் பொறித்திருக்கும். 'காசு கொடுத்து வாங்கியது, எனக்கே சொந்தம்' என்ற வாதம் பொருளை அப்படியே மறுபடி விற்பவருக்கு உதவும், மாற்றி விற்பவருக்குக் கடினம். ஷனெல் பிராண்டின் பழைய பட்டன்களில் நகை செய்து விற்றவர்கள் மீது அந்த நிறுவனம் 2021-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டது.

லேபிள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதிப்படி நார் விவரம் ஜெர்மன் மொழியில் வேண்டும். பழைய உடையை அப்படியே விற்றால் விலக்கு உண்டு. வெட்டித் தைத்த ஜாக்கெட்டைப் புதுப் பொருளாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. கலவையைக் கண்டுபிடிப்பது கடினமான பொருளுக்குக் 'கலவை நார்' அல்லது 'குறிப்பிடப்படாத கலவை' என்று போட அந்த விதியே இடம் தருகிறது. முழுப் பருத்தி என்று தெரியாமல் 100 சதவீதம் போடாதீர்கள். இடுப்பின் தோல் பட்டையை அலங்காரமாக வைத்தால், விலங்கிலிருந்து பெற்ற, துணி அல்லாத பகுதி இருக்கிறது என்றும் எழுத வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இது.

2024 டிசம்பர் 13 முதல் பொருளிலும் விற்பனைப் பக்கத்திலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மின்னஞ்சல் கட்டாயம். பார்சல் உறைகளுக்காக லூசிட் (ஜெர்மனியின் பேக்கேஜிங் பதிவேடு) பதிவும் வேண்டும், ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும். 'சூழலுக்கு உகந்தது' என்று மொட்டையாக எழுதுவதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் தடை. '5 பழைய ஜீன்ஸிலிருந்து தைத்தது' என்று எழுதினால் சிக்கல் இல்லை.

கணக்குநோட்டு:
விலைக்கு வருவோம். துவைத்துப் பிரிக்க அரை மணி, வெட்ட 1, தைக்க 3, போட்டோவும் பக்கமும் போட முக்கால் மணி. மொத்தம் 5¼. மணிக்கு 25 யூரோ என்று வைத்தால் 131. துணி, ஜிப், லைனிங், மின்சாரம் 25. ஆக அடக்கம் 156. 300-க்கு விற்று 19 சதவீத விற்பனை வரி கட்டினால் கையில் 252. நேரடி விற்பனைக்குத் தாங்கும். கடையில் வைத்து அவர்கள் 40 சதவீதம் எடுத்தால் 151தான் வரும், அதாவது நஷ்டம். கடைக்குப் போகும் எண்ணம் இருந்தால் தையல் நேரத்தைக் குறைக்காமல் ஆரம்பிக்காதீர்கள். லைனிங், அடிக்காலர், பாக்கெட் உள்பையை ஆலைகளில் தேங்கிய புதுத்துணியில் எடுத்தால் வெட்டும் நேரமும் குறையும்.

இண்டிகோநூல்:
நன்றி. ஒவ்வொரு ஜாக்கெட்டும் தனித்தன்மை உள்ளது என்பதால் 'திரும்பப் பெற மாட்டோம்' என்று போடலாமா?

சட்டம்_சரக்கு:
முடியாது. ஆன்லைனில் வாங்கியவருக்கு 14 நாள் உரிமை உண்டு. விலக்கு, வாங்குபவர் சொன்ன அளவுக்கோ விருப்பத்துக்கோ தைத்ததற்குத்தான். தைத்து வைத்து விற்பது, உலகில் ஒன்றே ஒன்று இருந்தாலும், அதில் வராது. அளவுப் பட்டியலில் அந்தந்த பீஸை அளந்து மார்பு, தோள், கை நீளத்தை செ.மீ.யில் போடுங்கள், திரும்பி வருவது குறையும்.