எம்சிஎஃப்-7: ஃபாஸ் எம்ஆர்என்ஏ சமமாக ஏறுகிறது, புரதம் ஹெரெகுலினில் மட்டும் ஏன்?

பெட்ரிதட்டு (கேள்வி)

எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய்) செல்களை 16 மணி நேரம் சீரம் இல்லாமல் வைத்து, வளர்ச்சிக் காரணிகளான ஈஜிஎஃப் அல்லது ஹெரெகுலின்-பீட்டா 10 நானோமோலார் கொடுக்கிறேன். 5 நிமிடத்தில் பாஸ்போ-ஈஆர்கே (சமிக்ஞை கடத்தும் ஈஆர்கே நொதியின் இயங்கும் வடிவம்) இரண்டிலும் ஒரே அளவு. 30 நிமிடத்தில் ஃபாஸ் ஜீனின் எம்ஆர்என்ஏவும் கிட்டத்தட்ட சமம். ஆனால் 90 நிமிட வெஸ்டர்னில் (ஆன்டிபாடி வைத்துப் புரதம் பார்க்கும் சோதனை) சி-ஃபாஸ் புரதப் பட்டை ஹெரெகுலினில் மட்டும்தான் தெரிகிறது. அதுவும் 60 கிலோடால்டனை ஒட்டி, பரவலாக. ஆன்டிபாடி கோளாறா? எதுவும் சேர்க்காத கண்ட்ரோலிலும் ஃபாஸ் எம்ஆர்என்ஏ இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

பாஸ்பேட்_பித்தன்

ஆன்டிபாடி மேல் பழி போடாதீர்கள், இந்தச் செல்லில் இப்படித்தான் வரும். 60, 90 நிமிடங்களிலும் பாஸ்போ-ஈஆர்கே பாருங்கள். ஈஜிஎஃப் தட்டில் அடிமட்டத்துக்கு அருகே இறங்கியிருக்கும், ஹெரெகுலின் தட்டில் நிற்கும். ஈஜிஎஃப் ஒட்டிய ஏற்பியைச் செல் உள்ளிழுத்து, சிபிஎல் நொதி மூலம் யுபிக்விட்டின் என்ற அடையாளம் ஒட்டி, சிதைக்க லைசோசோமுக்கு அனுப்பிவிடுகிறது. ஹெரெகுலின் எழுப்பும் ஹெர்2-ஹெர்3 ஏற்பி ஜோடி அவ்வளவு சீக்கிரம் உள்ளே போவதில்லை.

எம்ஆர்என்ஏ உருவாக ஆரம்பக்கட்டச் சமிக்ஞையே போதும். ஈஆர்கே, ஈஎல்கே1 என்ற ஜீன் இயக்கிப் புரதத்துக்குப் பாஸ்பேட் போடும். அது இன்னொரு இயக்கியான எஸ்ஆர்எஃப் உடன் சேர்ந்து ஃபாஸ் ஜீனின் தொடக்கப் பகுதியை (புரமோட்டர்) இயக்கிவிடும். புதிதாகப் பிறக்கும் சி-ஃபாஸ் புரதமோ வேகமாகச் சிதையும். அது வரும் நேரத்திலும் ஈஆர்கே ஓடிக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும்: ஈஆர்கே செரின் 374-லும், அது எழுப்பும் ஆர்எஸ்கே நொதி செரின் 362-லும் பாஸ்பேட் ஏற்றி அதை நிலைப்படுத்துகின்றன. அதன்பின் ஈஆர்கே, சி-ஃபாஸில் தான் ஒட்டும் இடமான டெஃப் பகுதியில் பிடித்துக்கொண்டு திரியோனின் 325, 331-லும் ஏற்றுகிறது. பட்டை மேலே நிற்பதும் பரவுவதும் இதனால்தான்.

சோதிக்க இரண்டு வழி. செல்களை உடைத்த கரைசலில் (லைசேட்) ஒரு பங்கை, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்ப்டா பாஸ்பட்டேஸுடன், மாங்கனீசு சேர்த்து, 30 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். பட்டை கீழே இறங்க வேண்டும். அந்தப் பங்கில் வனடேட், ஃபுளோரைடு, ஈடிடிஏ எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் நொதி வேலை செய்யாது. இரண்டாவது, ஹெரெகுலின் கொடுத்து 45 நிமிடம் கழித்து, ஈஆர்கே பாதையை அடைக்கும் யு0126, 10 மைக்ரோமோலார். எம்ஆர்என்ஏ ஏற்கெனவே உருவாகிவிட்டதால், அதன்பின் புரதம் விழுந்தால் காரணம் பெரும்பாலும் சிதைவுதான். ஈஜிஎஃப் தட்டில், புரதச் சிதைவைத் தடுக்கும் எம்ஜி132 போட்டுப் புரதத்தைக் காப்பாற்றலாம் என்று தோன்றும். எம்ஜி132 தானாகவே அழுத்தச் சமிக்ஞையைக் கிளப்பும். அது மட்டும் போட்ட தட்டு இல்லாமல் அந்த முடிவை நம்பாதீர்கள்.

சீரம்பூஜ்யம்

கண்ட்ரோலில் ஃபாஸ் தெரிவது பெரும்பாலும் மீடியம் மாற்றியதால். புது மீடியம், குளிர், குலுக்கல் எல்லாமே ஃபாஸைக் கிளப்பும். காரணியை 10 மடங்கு அடர்வில், தட்டில் இருக்கும் அதே பட்டினி மீடியத்தில் கலந்து, இறுதி அளவில் பத்தில் ஒரு பங்காக மெதுவாக விடுங்கள். கண்ட்ரோலுக்கும் அதே அளவு வெறும் கரைசல், அதே கைப்பக்குவம்.

இந்தச் செல்லின் வளர்ப்பு மீடியத்தில் இன்சுலின் போடுவது வழக்கம். பட்டினி மீடியத்திலும் அது இருந்தால் பட்டினி என்பதே பெயரளவுதான்: ஐஜிஎஃப்1 ஏற்பி வழியாக ஏகேடி என்ற வளர்ச்சிச் சமிக்ஞை ஓடிக்கொண்டே இருக்கும். எம்ஆர்என்ஏ அளவிடும்போது, அதை டிஎன்ஏ ஆக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத கிணறும் வையுங்கள், ஜீனோம் டிஎன்ஏ கலந்திருந்தால் அங்கேயே பிடிபடும்.

அணுக்கரு_அகிலன்

ஈஜிஎஃப் தட்டில் சுத்தமாகப் புரதமே இல்லை என்று முடிவு கட்டும் முன் லைசிஸ் பஃபரைப் பாருங்கள். 1% டிரைட்டான் (மென்மையான டிடர்ஜென்ட்) மட்டும் என்றால் சி-ஃபாஸில் பெரும்பகுதி அணுக்கருவோடு வண்டலில் போயிருக்கும். கடுமையான டிடர்ஜென்டான எஸ்டிஎஸ் உள்ள சூடான பஃபரைத் தட்டிலேயே ஊற்றிச் சுரண்டி, ஒலியலையால் உடையுங்கள் (சோனிகேட்). அப்போது ஈஜிஎஃப் தட்டிலும் மங்கலாக ஏதோ தெரியலாம்.

பெட்ரிதட்டு

பஃபர் டிரைட்டான்தான், மாற்றிப் பார்க்கிறேன். துணைக்கேள்வி: ஈஜிஎஃப் கொடுத்ததும் எஸ்ட்ரோஜன் ஏற்பியான ஈஆர்-ஆல்ஃபாவில் செரின் 118-ல் பாஸ்பேட் ஏறுகிறது, அது இயக்கும் டிஎஃப்எஃப்1 ஜீனும் கூடுகிறது. எஸ்ட்ரோஜன் இல்லாமலே ஏற்பி இயங்குகிறது என்று எழுதலாமா?

பாஸ்பேட்_பித்தன்

அதை வைத்து மட்டும் எழுதினால் மதிப்பீட்டாளர் விடமாட்டார். மீடியத்தில் கலக்கும் ஃபீனால் ரெட் சாயத்தில் லேசான எஸ்ட்ரோஜன் குணம் உண்டு, சீரத்தில் ஹார்மோன் உண்டு. ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரியால் ஹார்மோன் நீக்கிய சீரம், 72 மணி நேரம். அதற்குப் பிறகுதான் சீரம் நீக்கம். டிஎஃப்எஃப்1 புரமோட்டரில் ஃபாஸ் போன்றவை ஒட்டும் ஏபி-1 இடமும் இருப்பதால், ஈஆர் துணையே இல்லாமல் அது ஏறக்கூடும். ஈஆரை அடக்கும் ஃபல்வெஸ்ட்ரன்ட் 100 நானோமோலார் முன்கூட்டியே போட்டு, ஏற்றம் அடங்குகிறதா பாருங்கள். ஈஆர் இயக்கும் இன்னொரு ஜீனான ஜிஆர்இபி1-ஐயும் சேர்த்து அளந்து பாருங்கள். புரொஜெஸ்டிரோன் ஏற்பி ஜீனான பிஜிஆரை நம்பி இறங்க வேண்டாம்: வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1, பிஐ3கே நொதி வழியாக அதைக் குறைக்கிறது, எஸ்ட்ரோஜன் செய்வதற்கு நேர் எதிராக.

இதையெல்லாம் அப்படியே இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல் வகையான எம்டிஏ-எம்பி-468-க்கு எடுத்துப் போகாதீர்கள். அதில் ஈஆர் இல்லை, ஈஜிஎஃப் ஏற்பி மிக அதிகம். 10 நானோமோலார் ஈஜிஎஃப் அதன் வளர்ச்சியை அடக்கும்.