புதுப்பிப்பு: நக்சோஸ் போய் வந்துவிட்டோம்

செப்டம்பர் விடுமுறைக்கு கிரேக்கத் தீவுகளில் சான்டொரினியா நக்சோஸா என்று ஜூலையில் கேட்டிருந்தேன். நக்சோஸ் என்று சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஃபெரியில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கரை நெருங்கும்போதே போர்ட்டாரா கண்ணில் பட்டுவிட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு வாசல் அது. சாயங்காலம் அதன் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தோம். பகல் வெயிலின் சூடு இன்னும் இறங்கவில்லை. சூரியன் கடலில் மறையும்வரை அம்மா எழுந்திருக்கவே இல்லை.

மெல்டெமி என்ற பலத்த கோடைக்கால வடகாற்று ஒரே நாள்தான் வீசியது. கடற்கரை மணல் கன்னத்தில் ஊசியாகக் குத்தியது. அன்றைக்கு மலைக் கிராமங்களுக்குப் போய்விட்டோம்.

அப்புறம், அந்தத் தீவின் உருளைக்கிழங்கு! வறுவலை இரண்டு தட்டு சொல்லுங்கள்.