வீட்லயே இருந்து தன்னம்பிக்கைய வளத்துக்க தினமும் என்ன பண்ணலாம்?

கோத்தகிரி_மிஸ்ட்:
வணக்கம். எனக்கு 24 வயசு, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). கோயம்புத்தூர்ல வேலைல இருந்தேன், அப்பாவுக்கு உடம்பு முடியாம போனதால விட்டுட்டு வந்துட்டேன். இப்ப சமையல், அப்பாவ பாத்துக்கறது, அவ்ளோ தான், மழையும் மிஸ்டும் புடிச்சா வெளிய கூட போக முடியாது. கூட படிச்சவங்க ஸ்டேட்டஸ் எல்லாம் பாத்தா நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு தோணுது, கடைல யாராச்சும் பேசினா கூட பதில் சொல்ல தயக்கமா இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு "நான் திறமைசாலி"ன்னு சொல்லுங்கன்னு வீடியோல சொல்றாங்க, சொல்லிப் பாத்தா அழுகை தான் வருது. செலவில்லாம தினமும் பண்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க ப்ளீஸ்.

குன்னூர்வாசி:
தங்கச்சி, அழுகை வந்ததுல ஆச்சரியமே இல்ல. கனடால ஜோஆன் வுட்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவங்க டீம் 2009ல இதையே ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாங்க. தன்மதிப்பு கம்மியா இருக்கறவங்க இந்த மாதிரி வாக்கியத்த திரும்பத் திரும்ப சொன்னப்ப மனசு இன்னும் கீழ தான் போச்சு, ஏற்கனவே தெம்பா இருந்தவங்களுக்கு தான் கொஞ்சம் பலன் இருந்துச்சு. உள்ள நம்பாதத வாய் சொன்னா மனசு உடனே "எங்க, காட்டு"ன்னு கேக்கும். அதனால மனசால மறுக்க முடியாததா சேத்துட்டு வாங்க. "என்னால முடியும்"ங்கற நெனப்புக்கு பெரிய பலம் நாமளே செஞ்சு முடிச்ச அனுபவம் தான், அடுத்தவங்க பாராட்டெல்லாம் அதுக்கு அப்புறம் தான்னு ஆல்பர்ட் பந்துராங்கற சைக்காலஜிஸ்ட் 1977லயே எழுதிட்டாரு. நைட்டு படுக்கறதுக்கு முன்னாடி அன்னிக்கு முடிச்சத ஒரு நோட்டுல எழுதுங்க. நல்லா பண்ணேனா இல்லையான்னு மார்க் எல்லாம் வேணாம். "அப்பாவுக்கு நேரத்துக்கு மாத்திரை குடுத்தேன், சுகர் செக் பண்ணேன், ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி டோக்கன் போட்டேன்" இப்படியே போதும். எங்கம்மா படுக்கைல இருந்தப்ப தான் இதெல்லாம் எவ்ளோ பெரிய வேலைன்னு எனக்கு தெரிஞ்சுது, ஆனா யாரும் இத வேலைக் கணக்குல சேக்கறதே இல்ல, நீங்களாவது சேருங்க.

பூம்பாறை_அக்கா:
கண்ணு, நான் கொடைக்கானல் பக்கம். முள்ளங்கி போடும்மா. நம்ம குளிருக்கு கேரட்டு மூணு மாசத்துக்கு மேல இழுக்கும், பூண்டு அதவிட லேட்டு, முள்ளங்கி ஒன்றரை ரெண்டு மாசத்துல கைக்கு வந்துரும், நாலஞ்சு நாள்லயே முளையும் தெரியும். நாத்து விட்டு புடுங்கி நட வேணாம், நேரா விதைய போட்டு நெருக்கமா வந்தா கலைச்சு விடு, கலைச்ச கீரைய பொரியல் பண்ணிரலாம். தெனமும் காலைல போய் பாக்கறதுக்குன்னு ஒன்னு இருக்கணும், அதுவும் நீ வெச்சது. வந்ததுல பாதிய பக்கத்து வீட்டுக்கு குடு, நீ விளைவிச்சத நாலு பேர் சாப்ட்டா அந்த தெம்பே வேற. பேசறதுக்கும் அப்படித்தான், ஒரேடியா வேணாம். மொதல்ல காய்கடைல வெலைய மட்டும் கேளு, அடுத்த வாரம் ரெண்டு வார்த்த சேத்து பேசு.

ஊட்டி_சிஸ்டர்:
மேல சொன்னது எல்லாம் சரி, அதோட ஒன்னு. காலைல எந்திரிச்சதும் ஸ்டேட்டஸ் பாக்காதீங்க, அந்த நேரத்துல நடங்க. ஆனா உங்க பக்கம் கரடி, காட்டுமாடு நடமாட்டம் உண்டு, நல்லா விடிஞ்சப்புறம், மிஸ்ட் இல்லாதப்ப, ரோட்டு மேலயே போங்க. அப்புறம் இத சாதாரணமா எடுத்துக்காதீங்க: தூக்கம் இல்ல, சாப்பாடு எறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லன்னு ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுச்சுன்னா நோட்டும் தோட்டமும் மட்டும் பத்தாது. 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற மனநல உதவி லைன், 2022ல கவர்மென்ட் ஆரம்பிச்சது, ஃப்ரீ, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். சாகணும்னு நெனப்பு வந்தா ரெண்டு வாரம் வரைக்கும் காத்திருக்கவே கூடாது, அன்னிக்கே பேசுங்க.

கோத்தகிரி_மிஸ்ட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தூக்கம் பரவால்ல சிஸ்டர், நம்பர சேவ் பண்ணிட்டேன். அக்கா, எங்களுக்கு தோட்டம் இல்ல, லைன் வீடு மாதிரி, வாசல் மட்டும் தான். தொட்டில வருமா?

பூம்பாறை_அக்கா:
பழைய பெயிண்ட் டப்பா போதும், ஒரு அடி ஆழம் இருக்கணும், நல்லா கழுவிட்டு அடில ஓட்டை போட்டுக்கோ. வெயில் விழற பக்கமா திண்ணை மேல வை, கீழ வெச்சா முள்ளம்பன்னி விடாது. விதை உரக்கடைல சின்ன பாக்கெட்டா கெடைக்கும், யாரையும் வாங்கிட்டு வர சொல்லாத, நீயே போய் எந்த ரகம் நல்லா வரும்னு கடக்காரர்ட்ட கேட்டு வாங்கு.