450 டொலருக்குள் 5 வெயிட் ஃபிளை ரொட்: எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்காபரோ_இரவுப்பணி

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றில், ஃபேர்கஸ், எலோரா பக்கம், பிரவுண் ட்ரவுட் மீனுக்கு ஃபிளை ரொட்டோடு (பூச்சி போலக் கட்டிய ஃபிளையை வீசும் தூண்டில்) போகத் தொடங்கியிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ரொட், ரீல், லைன் எல்லாம் ஒரே பெட்டியில் வந்த எட்டரை அடி செட். பழகுவதற்கு அது போதுமாக இருந்தது. ஆனால் நுனி மிகவும் தொய்வு. மாலையில் காற்று எழும்பினால் லைன் என் தொப்பியைத் தாண்டுவதே பெரும்பாடு. புது ரொட்டுக்கென்று 450 கனடிய டொலர் ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் பேசி முடிவான தொகை, மேலே ஒரு சதமும் ஏறாது.

கடையில் இரண்டை எடுத்துக் காட்டினார்கள். இரண்டும் 9 அடி, 5 வெயிட், நான்கு துண்டு. ஒன்று நல்ல விறைப்பான 'ஃபாஸ்ட் அக்ஷன்'. கடைக்குப் பின்னாலுள்ள வாகனத் தரிப்பிடத்தில் வீசிப் பார்த்தேன், லைன் அந்தத் தொங்கலுக்கே பறந்தது. மற்றது ஓர்விஸ் கம்பனியின் கிளியர்வாட்டர். அதில் அவ்வளவு தூரம் போகவில்லை. விறைப்பானதையே எடுக்கலாம் என்று மனம் சொல்கிறது. உங்கள் கருத்து என்ன?

இன்னொன்று: செப்டெம்பரில் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றில் சால்மன் ஏறும்போதும் இதே ரொட் தாங்குமா?

மில்ட்டன்வாசி

இன்னும் ஓராண்டு பொறுத்துக் காசு சேர்த்து, ஆயிரம் டொலருக்கு மேல் போகும் ரொட் ஒன்றை எடுங்கள். இடைப்பட்ட விலையில் வாங்குபவர்கள் எல்லோரும் கடைசியில் அதைத்தான் வாங்குகிறார்கள். இரண்டு செலவு எதற்கு?

கெல்ஃப்_அக்கா

மில்ட்டன்வாசி சொல்வதை விடுங்கள். அவர் கையில் எந்த ரொட்டைக் கொடுத்தாலும் நன்றாகத்தான் வீசுவார்; அது விலையால் வந்த வித்தை இல்லை.

தம்பி, அந்தத் தரிப்பிடத்தில் மீன் இல்லை. அங்கே எல்லோரும் 60, 70 அடிக்கு வீசிப் பார்த்து மயங்கிப் போகிறார்கள். ஃபேர்கஸில் டெம்ப்ளின் பூங்காவுக்குக் கீழே இறங்கி நின்று பாருங்கள். மீன் எழும்பிப் பூச்சியைக் கவ்வும் இடம் உங்களிலிருந்து 25, 30 அடி. அதற்கப்பால் வீசினால் நடுவிலே ஓடும் வேக நீர் லைனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை தண்ணீரைக் கீறிக்கொண்டு பின்னால் இழுபடும். பிரவுண் ட்ரவுட் அதைத் திரும்பியும் பாராது.

5 வெயிட் என்றால் லைனின் முதல் 30 அடி 140 கிரெயின் நிறை, அதாவது ஏறத்தாழ 9 கிராம். ஃபிளைக்கு நிறையே இல்லை. லைனின் நிறைதான் ரொட்டை வளைக்கிறது, வளைந்த ரொட் நிமிரும்போதுதான் லைன் போகிறது. 20 அடி மட்டும் வெளியே இருக்கும்போது நுனியில் 6 கிராம்கூடத் தொங்காது, ஏனென்றால் லைனின் முன்பகுதி மெல்லியது. விறைத்த ரொட் அதற்கு அசையவே அசையாது. பிறகு நீங்கள் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். ஒரு மாலை முழுவதும் தள்ளினால் மறுநாள் இரவுப் பணியில் பெட்டி தூக்க மாட்டீர்கள்.

ஆகவே நடுத்தர விறைப்பு. நீங்கள் பார்த்த இரண்டில் கிளியர்வாட்டர் அந்த வகை. ஆனால் என் சொல்லை நம்பி வாங்க வேண்டாம். திரும்பவும் கடைக்குப் போங்கள். ஒரு காகிதத் தட்டைக் கொண்டுபோய் 30 அடியில் தரையில் வையுங்கள். லைனின் முனையில் 9 அடி லீடர் (ஃபிளையைக் கட்டும் மெல்லிய இழை), அதன் நுனியில் ஃபிளைக்குப் பதிலாகச் சிறு கம்பளி நூல். இரண்டு ரொட்டாலும் அந்தத் தட்டை நோக்கி வீசுங்கள், மெதுவாக, முழங்கையை உடம்போடு வைத்துக்கொண்டு. எதில் நூல் தட்டின்மேல் தானாகப் போய் இறங்குகிறதோ அதுதான் உங்களுடையது. விலைச்சீட்டைப் பிறகு பாருங்கள்.

அப்போது கடைக்காரரிடம் இதையும் கேளுங்கள்: ரீலில் இருப்பது என்ன லைன்? இக்காலத்து லைன்கள் பல, எழுதியிருக்கும் எண்ணைவிட நிறை கூடியவை. சயன்டிஃபிக் ஆங்லர்ஸ் எம்பிஎக்ஸ் அரை எண் கூட, ரியோ கிராண்ட் ஒரு முழு எண் கூட. நிறை கூடிய லைனைப் போட்டால் விறைத்த ரொட்டும் இளகிய மாதிரித் தோன்றும். இரண்டு ரொட்டுக்கும் ஒரே ரீலைப் போட்டு வீசினால்தான் கணக்குச் சரி. உண்மையைச் சொன்னால் உங்கள் தொப்பிப் பிரச்சினையில் பாதி அந்தப் பெட்டி லைனால் வந்தது என்பேன். 450ஐயும் ரொட்டிலே கொட்டாமல் நல்ல லைனுக்கு ஒரு பங்கு வையுங்கள். 13 சதவீத வரியையும் மறக்க வேண்டாம்.

காசு கூடக் கூட என்ன கிடைக்கிறது என்றால்: நிறை குறையும், வீசியபின் நுனியின் நடுக்கம் சீக்கிரம் அடங்கும், பூச்சு வேலை அழகாகும். ஓர்விஸின் ரீகான் வெர்மொன்ட்டில் செய்வது, கிளியர்வாட்டரைப் போல ஏறத்தாழ இரட்டிப்பு விலை. இரண்டுக்கும் 25 ஆண்டு உத்தரவாதம். வேறுபாடு கைக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது.

வாங்குமுன் பிடியின் கோர்க்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மலிவான கோர்க்கில் துளைகள் அதிகம். கோர்க் தூளைப் பசையில் குழைத்து அடைத்துத் தேய்த்திருப்பார்கள். புதிதில் ஒன்றும் தெரியாது. நிறம் கொஞ்சம் கறுத்த பொட்டுகளைத் தேடுங்கள், அவைதான். பலமுறை நனைந்து காய்ந்தபின் பசை உதிரும், முதலில் கட்டைவிரல் அழுத்தும் இடத்தில். இந்த விலையில் கொஞ்சம் அடைப்பு இருக்கத்தான் செய்யும். பெருவிரலடியில் மட்டும் இல்லாத ஒன்றைத் தெரிந்தெடுங்கள். ஒரே மொடலில் மூன்றை எடுத்து வைத்து ஒப்பிட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சால்மனுக்கு இது வேண்டவே வேண்டாம். சினூக் சால்மன் 20 இறாத்தல் வரும். அதற்கு 8 வெயிட், கெட்டியான பிரேக் உள்ள ரீல். 5 வெயிட்டால் இழுத்தால் ஒன்று ரொட் போகும், அல்லது மீன் களைத்துச் சாகும்வரை இழுபடும்.

வடலி

அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். விறைத்த ரொட், லைன் காற்றில் போடும் வளையத்தை ஒடுக்கமாகவும் வேகமாகவும் அனுப்பும், காற்றுக்கு அதுதான் வேண்டும். நான் நிம்ஃப், ஸ்ட்ரீமர் என்று நீருக்குள் அமிழும் நிறை கூடிய ஃபிளைகளை வீசுகிறவன், இளகிய ரொட்டில் அவை பிடரியில் வந்து அடிக்கும். மேலே மிதக்கும் சின்னக் கடிஸ் ஃபிளைதான் தம்பியின் ஆசை என்றால் அக்கா பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த விலையில் நான் முதலில் பார்ப்பது ஒடிந்தால் என்ன கதி என்பதை. ஃபிளை ரொட் மீனால் ஒடிவதைவிடக் கார்க் கதவால் ஒடிவது அதிகம். பித்தளை மணி வைத்த நிம்ஃப் வீச்சில் ரொட்டிலே பட்டால் கண்ணுக்குத் தெரியாத காயம் உண்டாகும், பிறகு ஒரு நாள் சின்ன மீனுக்கும் அந்த இடத்தில் முறியும். ஆகவே டிஎஃப்ஓ (டெம்பிள் ஃபோர்க் அவுட்ஃபிட்டர்ஸ்), எக்கோ ஆகிய இரண்டு கம்பனிகளையும் பட்டியலில் சேருங்கள். கட்டணம் கட்டினால் ஒடிந்த துண்டுக்கு மாற்றுத் தருவார்கள். எக்கோவைத் தொடங்கியவர் டிம் ராஜெஃப், வீச்சுப் போட்டிகளில் வென்றவர். மூன்ஷைன் ட்ரிஃப்டர் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே உபரியாக ஒரு நுனித் துண்டு இருக்கும். சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் நுனி ஒடிந்தால் உத்தரவாதக் கடிதத்தை வைத்து என்ன செய்வது? உபரி நுனி இருந்தால் அன்றைக்கே தொடரலாம்.

ஸ்காபரோ_இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. தட்டோடு கடைக்குப் போனேன். ரீலைப் பார்த்தால் விறைத்த ரொட்டில் போட்டிருந்தது 6 வெயிட் லைன்! சரியான 5ஐ மாட்டி 30 அடிக்கு வீசியபோது நூல் தட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாய் விழுந்தது. கிளியர்வாட்டரில் தட்டிலேயே விழுந்தது, கையும் நோகவில்லை. எக்கோ கார்பன் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்கள், அதுவும் நன்றாக இருந்தது, கொஞ்சம் இளக்கம் கூட. கோர்க்கைப் பார்த்து ஒன்றுக்கு மூன்றாக எடுப்பித்துக் கிளியர்வாட்டரை வாங்கினேன். லைனைப் பிறந்தநாள் பரிசுக் கணக்கில் எழுதியாகிவிட்டது, அதுதான் சமாதானமான வழி.

ஜூலையில் அப்பாவையும் கூட்டிப் போகிறேன். அவருக்கு 67. அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டுமா?

கெல்ஃப்_அக்கா

ஒன்ராறியோவில் வசிப்பவர் 65 வயது ஆகியிருந்தால் வேண்டியதில்லை, பிறந்த தேதி உள்ள அரசாங்க அட்டை சட்டைப்பையில் இருந்தால் போதும். சட்டதிட்டங்கள் அவருக்கும் உண்டு.

ஜூலை என்றால் வெஸ்ட் மொன்ட்ரோஸ் கூரைப் பாலத்தடிக்குப் போகாதீர்கள், அங்கே நீர் சூடேறிவிடும். ஷாண்ட் அணைக்கட்டிலிருந்து அடித்தண்ணீரைத் திறந்துவிடுவதால் ஃபேர்கஸ் பக்கம் குளிர்ச்சி. 1989இலிருந்து அங்கே பிரவுண் ட்ரவுட் குஞ்சுகளை விட்டு வளர்ப்பதும் அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுபோங்கள். 20 பாகையைத் தாண்டினால் ரொட்டைக் கழற்றி வைத்துவிட்டு எலோராவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். பாறைகள் வழுக்கும், அப்பாவுக்கு ஊன்றுகோல் கட்டாயம்.

சிறப்பு விதிகள் உள்ள பகுதிகளில் செயற்கை இரை மட்டும், ஒற்றை ஊசி, அதன் முள்ளை இடுக்கியால் நசுக்கியிருக்க வேண்டும். பிடித்த மீனை அங்கேயே விட வேண்டும். இதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள், குழம்புக்கென்று அம்மா புளி கரைத்து வைத்துவிடப் போகிறார்.