மறு: ஹெலிகாயிலுக்குத் தமிழில் என்ன? (உள்ளீடு வேண்டாமே)

அனைவருக்கும் வணக்கம்.

திருகு வரி தேய்ந்துபோன துளையைச் சரிசெய்ய உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்தான் ஹெலிகாயில்; அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் ஓடும் மடல்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். "திருகு உள்ளீடு" என்று ஒருவர் சொல்லி, இன்னும் இருவர் அதற்கு ஆமாம் போட்டதும் கை சும்மா இருக்கவில்லை. உள்ளீட்டைக் கணினிக்காரர்கள் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். இனிமேல் அதைத் திருப்பி வாங்க முடியாது.

முதலில் சாமான் என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதைக் கையில் எடுக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது (கோபித்துக்கொள்ள வேண்டாம்). நான் இருப்பது இங்கிலாந்தில். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் டிரையம்ஃப் டிஆர்6 என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது, கோவென்ட்ரி கேன்லி ஆலையில் 1970களில் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குக் கையாள். அந்தக் காரில் பின்சக்கரத்தைத் தாங்கும் கை அலுமினிய வார்ப்பு. சக்கரத்தின் அச்சுக்கூட்டை அதில் பிடித்து வைப்பவை ஆறு ஸ்டட்கள் (தலையில்லாமல் இரு முனையிலும் திருகு வரி வெட்டிய கம்பிகள்), 5/16 அங்குலம். அலுமினியத்துக்குள் போகிற முனையில் அங்குலத்துக்கு 18 புரி (திருகு வரியின் ஒரு சுற்று), நட் ஏறுகிற முனையில் 24. அலுமினியம் இளகிய உலோகம், அதில் பொடிப்பொடியாக மரை (அதாவது திருகு வரி) வெட்டினால் நிற்காது, அதனால் அந்தப் பக்கம் பருமனாக வெட்டியிருக்கிறார்கள். அப்படியும் ஐம்பது வருட ஈரமும், ஆளாளுக்கு இறுக்கிய இறுக்கமும், எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் வருகிற அரிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? நான் போட்ட கடைசிக் கால் சுற்றில் கனம் சட்டென்று விட்டுப்போனது. ஸ்பேனர் வெண்ணெயில் சுற்றுவதுபோல் சுற்றியது. ஸ்டட்டை உருவினால் அதன் பள்ளங்களில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு நம் ஊர்ப் பட்டறையில் என்ன சொல்வார்கள்? "மரை போச்சு." அவ்வளவுதான். பட்டறைக்காரர் இதற்காக அகராதியைத் திறக்கவில்லை, நாமும் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது என் கட்சி.

"மரை கழன்ற ஆள்" என்று சொல்கிறோமே, அப்படியானால் மரை என்பது நட் அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மரை கழன்றது என்றால் ஒரு பொருளையும், மரை தேய்ந்தது, மரை போனது என்றால் வெட்டிய வரியையும் கேட்பவர் தானாகப் பிரித்துக்கொள்கிறார். நடைமுறையில் குழப்பமே இல்லை. (தேடுபொறியில் மரை என்று போட்டால் மான் வருகிறது என்ற புகாருக்கு என்னிடம் பதில் இல்லை. மான்தான் மூத்தது.)

அடுத்தது புரி. பள்ளிக்கூடத்துத் திருகு அளவியில் புரிக்கோல், புரியிடைத் தூரம் எல்லாம் படித்தோமே, பிறகு எதற்கு மரை என்று இருவர். இரண்டும் வேண்டும் என்கிறேன். கயிற்றில் புரி என்பது ஒரு இழை; முப்புரி என்று எண்ணுகிறோம். ஆக எண்ணுவதற்குப் புரி, வெட்டிய முழுசுக்கும் மரை. இந்த வேறுபாடு வெறும் சொல்லழகு இல்லை. எம்ஜி டிசி என்ற பழைய பிரிட்டிஷ் காரின் 1250 சிசி எஞ்சினில் போல்ட் தலைக்கு விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பேனர்தான் பொருந்தும், உடம்பிலோ மெட்ரிக் மரை: 8 மில்லிமீட்டர் விட்டம், புரியிடை 1 மில்லிமீட்டர். அந்த எஞ்சினைச் செய்தது 1923இல் கார் தயாரிப்பாளர் மோரிஸ் வாங்கிய கோவென்ட்ரி எஞ்சின் ஆலை; அது அதற்கு முன் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, அந்த மெட்ரிக் பழக்கம் எஞ்சினோடே தங்கிவிட்டது. அந்தக் காரில் மரை என்ன, புரி எத்தனை என்று தனித்தனியாகக் கேட்காமல் டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உள்ளே விட்டவர் இன்னொரு துளையைக் கெடுத்துக்கொள்வார்.

இப்போது நம் சாமான். கெட்டுப்போன துளையை 8.3, 8.4 மில்லிமீட்டருக்கு அகலமாக்கி, அதற்கென்றே வரும் பெரிய டேப்பால் புதிதாக மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே திருகி இறக்குகிறோம். கம்பியின் குறுக்குவெட்டு சாய்சதுரம். வெளி முனை அலுமினியத்தைப் பிடிக்கும், உள் முனைகள் சேர்ந்து பழைய 5/16 மரையாகும். சும்மா இருக்கும்போது சுருள் துளையைவிடச் சற்றுப் பெரிது. அதை இறுக்கிச் சுருக்கித்தான் உள்ளே ஏற்றுவது, விட்டதும் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். மேல்மட்டத்துக்குக் கால் சுற்றோ அரைச் சுற்றோ கீழே போனதும் நிறுத்திவிட்டு, அடியில் இருக்கும் வாலை ஒரு தட்டில் உடைத்து எடுத்துவிட வேண்டும். பாரம் இப்போது முன்னைவிட அகலமான அலுமினியத்தில் இறங்குவதால் பழைய மரையைவிட இது பலமாகவே நிற்கும்.

இதைப் பார்த்த பிறகு மடல்களில் வந்த "மரைச்செருகி" என்ற பெயர் எனக்கு ஒட்டவில்லை. செருகுவது என்றால் பூவைக் கொண்டையில் செருகுவது, அரிவாளை இடுப்பில் செருகுவது. இது திருகி ஏற்றுவது. அப்படிச் செருக முடிந்தால் பிடுங்கவும் முடியும்! "சுருள்வில்" என்றவர் பாதி சரி, அது விரிந்து கவ்வும் குணம் அவர் சொன்னதுதான். ஆனால் அந்தப் பெயரோடு கடைக்குப் போனால் கிளட்ச் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டுவார்கள்.

என் ஓட்டு மரைச்சுருள். பொருளைப் பார்த்தவுடன் பெயர் புரிகிறது, பெயரைக் கேட்டவுடன் வேலை புரிகிறது. "ஹெலிகாயில் என்றே இருக்கட்டும்" என்பவர்களுக்கு: அது ஒரு வணிகப் பெயர், ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயராகிவிட்டது. பேச்சில் இருக்கட்டும், கையேட்டில் வேண்டாம்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. கம்பிச் சுருளாக இல்லாமல், உள்ளும் புறமும் மரை வெட்டிய கெட்டிக் குழலாகவும் வருகிறது. ஸ்பார்க் பிளக் துளை போன்ற, அடிக்கடி கழற்றி மாட்டுகிற இடங்களில் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். அதை மரைச்சுருள் என்றால் பொய். யாழ்ப்பாணத்து நண்பர் போன மடலில் நட்டுக்குச் சுரை என்று எழுதியிருந்தார். வேலில் காம்பு நுழைகிற குழிக்கும் சுரை என்றே பெயர். எனவே குழல் வகைக்கு மரைச்சுரை என்று வைத்தால் என்ன? நட்டோடு குழம்புமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். இலங்கையில் அந்தச் சொல் புழக்கத்தில் இருக்கும்போது நான் இங்கிருந்து அதைப் பிடுங்க மாட்டேன்.

இரண்டுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் தேவை என்றால் மாற்றுமரை போதும்.

உடைத்து எடுக்கும் அந்த வாலுக்கு வால் என்றே வைத்துவிடுங்கள், தயவுசெய்து யாரும் அதற்குச் சங்க இலக்கியம் தேட வேண்டாம்.