மெர்ச்சன்ட் ஸ்கிரீனிங்: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
நண்பர்களுக்கு வணக்கம். கார்டு, கியூஆர் பணம் வாங்கித் தரும் கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மெர்ச்சன்ட் ஸ்கிரீனிங்' மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. கணக்குத் திறக்கும் முன் கடையின் பின்னணியைப் பார்ப்பது. போலிப் பொருளும் தடைசெய்த பொருளும் விற்பவர் உள்ளே வரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. என் எடுத்துக்காட்டு, 'ஒரே மாதத்தில் சர்க்கரை போயே போச்சு' என்று பொடி விற்கும் இணையக்கடை. சல்லடையில் சலிப்பது போல, 'வணிகர் சலிப்பு' சரியா?

பெரம்பூரிலிருந்து:
வணிகருக்கு வாழ்க்கை வெறுத்துவிட்டது என்றல்லவா படிப்பார்கள்! 510ஆம் குறள் இருக்க ஏன் அலைகிறீர்கள்? ஆராயாமல் தெளிவதும், அதாவது நம்புவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் தீரா இடும்பை. வாங்கியவர்கள் சார்ஜ்பேக், அதாவது வங்கி வழியே பணத்தைத் திரும்பக் கேட்டு வரிசை கட்டும்போது கம்பெனி படுவது அதுதான். 'வணிகர்த் தெளிதல்' என்க.

தண்டையார்பேட்டையிலிருந்து:
ஐயா, எங்கள் பக்கம் 'உங்களைத் தெளிய வைக்க வந்திருக்கோம்' என்றால், 'இன்னா சார், நான் குடிக்கவே இல்லியே' என்பார் கடைக்காரர்.

சவுகார்பேட்டையிலிருந்து:
505ஆம் குறளில் கட்டளைக்கல் இருக்கிறது, பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல்தான். இங்கே உரைகல் இல்லாத அடகுக்கடை ஏது? 'வணிகர் உரைப்பு' எனலாம். உரை, உரசு, உராய் எல்லாம் ஓரினம். பேசுதல் பொருளில் வரும் 'உரை'யும் இதே வேர் என்பது என் கட்சி. நாவும் அண்ணமும் உரசாமல் பேச்சேது? 'வணிகர்' வடசொல் என்று யாராவது கிளம்புமுன் 120ஆம் குறளின் 'வாணிகம்' பார்க்க.

ராயபுரத்திலிருந்து:
நான் இந்த வேலையிலேயே இருப்பவள். பொடிக்காரர் தரும் காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கும். ஜிஎஸ்டி இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண் உணவு விற்க உரிமம். நோய் தீரும் என்பதற்குச் சான்று அல்ல. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று துணை உணவுகளுக்கான 2016 விதிப்படி டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். தளத்திலோ 'நீரிழிவு குணமாகும்' என்று கொட்டை எழுத்து. 1954ஆம் ஆண்டின் மாயத் தீர்வு விளம்பரச் சட்டப் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது. அந்த வாசகமே குற்றம். நான் முதலில் படிப்பது அதைத்தான்.

அடுத்த தந்திரம், எம்.சி. ரோடு துணிக்கடை என்று கணக்கு வாங்கி அதில் பொடி விற்பது. புடவைக்கடையில் ராத்திரி ரெண்டு மணிக்கு, ஊர் ஊராக, 1,499 ரூபாயாகவே பணம் விழுந்தால் என்ன அர்த்தம்? ஆகவே கணக்குத் திறந்த அன்றே முடிகிற வேலை இல்லை இது. உரைப்போ சலிப்போ, சான்றிதழோடு நின்றுவிடாத சொல்லாகப் பாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
தனிமடலில் பலரும் 'வணிகர் சரிபார்ப்பு' என்கிறார்கள். அச்சகத்தார் போன் மேல் போன். அதையே போடுகிறேன்.

பெரம்பூரிலிருந்து:
வள்ளுவர் தோற்றார். போடுங்கள்.

ராயபுரத்திலிருந்து:
சரிபார்ப்பு என்றால் பிள்ளைகள் ஆதாரைப் பார்த்து டிக் அடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள் சார். எனக்குச் சம்மதமில்லை. பக்கத்திலேயே 'விற்பனை வாசகம் உட்பட' என்றாவது சேர்த்து அச்சிடுங்கள்.