டிராஃப்ட் பிக் கணக்கு புரியல, யாராச்சும் சொல்லுங்கப்பா

மக்களே ஒரு ஹெல்ப். என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஆட்டம் புரியுது, டீமுங்க பிளேயர மாத்திக்கற இந்த டிரேடுதான் மண்டைய காய வைக்குது. 2025 பிப்ரவரியில ஸ்டார் பிளேயர் லூக்கா டான்சிச்ச லேக்கர்ஸுக்கு தூக்கி குடுத்துட்டு டல்லாஸ் வாங்குனது ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, கூட 2029 டிராஃப்ட்ல முதல் ரவுண்ட் பிக் (புதுப் பிளேயர எடுக்கற முறை) ஒண்ணே ஒண்ணு, அதுக்கே நானும் தம்பியும் மூணு நாள் பேசிக்கல. அப்புறம் பாத்தா வெறும் 1.8 சதவீத சான்ஸ்ல முதல் பிக்குக்கான லாட்டரி அடிச்சு, கூப்பர் ஃபிளாக்ங்கற சின்னப் பையன் டல்லாஸுக்கே வந்துட்டான்! இப்ப தம்பி 'சின்னப் பையன்தான் தங்கம், டாப் பிக் இல்லாம டீம் கட்ட முடியாது'ங்கறான். டேய், இன்னிக்கு சூப்பர் ஸ்டாரா இருக்கற யோக்கிச்சே 2014ல 41வது பிக்குடா.

சரி, கேள்விக்கு வரேன். டாப் 4 புரொடெக்டட்னு போட்ட பிக் 3வதா விழுந்தா அத்தோட போச்சா, இல்ல அடுத்த வருஷத்துக்கு தள்ளுமா? ஸ்வாப்னா என்ன? உதாரணத்தோட சொல்லுங்க, தம்பிகிட்ட காட்டணும்.